16-பிட் கேமுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் எந்திரங்களின் காலத்து கேம்களைப் பற்றி எழுத உட்காரும் பலர், கேமை விட்டுவிட்டுத் தங்கள் சின்ன வயசைத்தான் எழுதுகிறார்கள். இன்னும் சிலர் எமுலேட்டரில் (பழைய எந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) பத்து நிமிடம் ஆடிவிட்டு, "இதெல்லாம் காலாவதி" என்று முடித்துவிடுகிறார்கள். படிப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ரொம்ப எளிது: இதை இப்போது எடுத்து ஆடலாமா, எந்தப் பதிப்பை ஆடுவது, எவ்வளவு பொறுமை வேண்டும்?

அதைச் சொல்ல எழுத்துத் திறமை மட்டும் போதாது. முப்பது வருடப் பழைய கேமைப் பற்றி என்ன சொன்னாலும், அதை எந்தப் பதிப்பில், எந்தத் திரையில், எந்த வேகத்தில் ஆடினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சு நிற்கும். புதிதாக எழுத வருபவர்கள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம்.

முதலில் எந்திரங்கள்

16-பிட் காலம் என்பது ஏறத்தாழ 1988-லிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை. சேகாவின் மெகா டிரைவ் 1988 அக்டோபரில் ஜப்பானில் வந்தது. அடுத்த ஆண்டு வட அமெரிக்காவில் அதே எந்திரம் ஜெனிசிஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் 1990 நவம்பரில் ஜப்பானில் வெளியாகி, சூப்பர் நின்டெண்டோ என்ற பெயரில் 1991-ல் அமெரிக்காவுக்கும் 1992-ல் ஐரோப்பாவுக்கும் போனது. இவற்றோடு என்இசியின் பிசி எஞ்சினும் (1987) எஸ்என்கேயின் நியோ ஜியோவும் (1990) உண்டு. பிசி எஞ்சினின் மையச் சிப் உண்மையில் 8-பிட்தான். படத்தைக் கையாளும் பகுதி 16-பிட் என்பதாலும், அதே சந்தையில் மோதியதாலும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

எழுதத் தொடங்க இரண்டு பெரிய எந்திரங்களின் குணம் தெரிந்தால் போதும். மெகா டிரைவில் மோட்டரோலா 68000 சிப், வேகம் சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸ். மொத்தம் 512 வண்ணங்கள். வழக்கமாக ஒரே நேரத்தில் திரையில் வரக்கூடியது 64. ஒலிக்கு யமஹாவின் எஃப்எம் சிப் (ரேடியோ இல்லை, ஒரு ஒலியலையால் இன்னொன்றை மாற்றிச் சத்தம் உருவாக்கும் முறை). உலோகத்தைத் தட்டுவது போன்ற அந்தக் கரகர பேஸ் சத்தம் அதிலிருந்து வருவதுதான். சூப்பர் நின்டெண்டோவின் சிப் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். ஆனால் 32,768 வண்ணங்களிலிருந்து 256 வண்ணங்களை ஒரே நேரத்தில் காட்டும். ஒலிச் சிப் சோனி செய்தது. அது பதிவுசெய்த ஒலித் துணுக்குகளை வைத்து இசைக்கும். ஆனால் அந்தத் துணுக்குகள், மெட்டு, எதிரொலி எல்லாமே 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். சூப்பர் நின்டெண்டோ இசை பல இடங்களில் கொஞ்சம் மூடிய மாதிரி, மெத்தென்று கேட்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு எது பெரிய எந்திரம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு சிப்களும் வேலை செய்யும் விதமே வேறு, மெகாஹெர்ட்ஸை நேரடியாக ஒப்பிட முடியாது. கண்ணில் படும் ஒரு விஷயத்துக்குக் காரணம் சொல்ல மட்டும் இந்த எண்கள் உதவட்டும்.

எந்த கேமை எடுப்பது?

முதல் விமர்சனத்துக்கு குரோனோ ட்ரிகரையோ சூப்பர் மெட்ராய்டையோ எடுக்க வேண்டாம். அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். உங்களை அறியாமலே மற்றவர்களின் வாக்கியங்களை எழுதுவீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய, நடுத்தரப் பெயர் எடுத்த ஒரு சுடும் கேமோ அடிதடி கேமோ சரியாக இருக்கும். சின்ன வயதில் நீங்கள் ஆடாததாக இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட கதையோடு ஆளை வளர்த்துக்கொண்டே போகும் ஆர்பிஜி வகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு என்று முடிவு செய்வது

இங்கே அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் ஒரே கேம் நாட்டுக்கு நாடு மாறியது, சில நேரம் ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு.

1994-ல் கொனாமி மெகா டிரைவுக்குச் செய்த கான்ட்ரா: ஹார்ட் கோரை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் பதிப்பில் ஒரு உயிருக்கு மூன்று அடி தாங்கலாம். வட அமெரிக்கப் பதிப்பில் ஒரு தோட்டா பட்டால் அந்த உயிர் போச்சு. எதிரிகளும் லெவல்களும் அதே. ஆனால் கையில் படும் அனுபவம் முழுக்க வேறு. அமெரிக்கப் பதிப்பை ஆடியவர் "கொடுமையான கேம்" என்பார். ஜப்பான் பதிப்பை ஆடியவர் "விறுவிறுப்பான கேம்" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எதை ஆடினோம் என்று எழுதாததுதான் குறை.

ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3-ம் அப்படித்தான். ஜப்பானில் பேர் நக்கிள் 3 என்று வந்ததைவிட மேற்குநாட்டுப் பதிப்பு கடினமாக்கப்பட்டது, கதையையும் மாற்றினார்கள். போதாக்குறைக்கு, எளிய நிலையில் ஆடினால் ஐந்தாவது லெவலோடு கேம் முடிந்துவிடும். எளிய நிலையில் ஆடிவிட்டு "ரொம்பச் சின்ன கேம்" என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. அமெரிக்காவில் ஃபைனல் ஃபேன்டசி 2 என்று 1991-ல் விற்றது உண்மையில் நான்காம் பாகம், அதையும் எளிதாக்கி வெட்டிக் கொடுத்தார்கள். 1994-ல் 3 என்று வந்தது ஆறாம் பாகம். ஸ்டார் ஃபாக்ஸ் ஐரோப்பாவில் ஸ்டார்விங். விமர்சனத்தில் எந்தப் பெயரை எழுதினாலும், ஒரு முறையாவது மற்றப் பெயரையும் சொல்லிவிடுங்கள். தேடுபவருக்கு வேலை மிச்சம்.

பெயர் ஒன்றாகவும் கேம் வேறாகவும் இருப்பதும் உண்டு. 1993-ல் வந்த அலாதீன் இதற்குப் பேர்போன உதாரணம். மெகா டிரைவில் வந்தது விர்ஜின் செய்தது. கையில் வாள் இருக்கும், அசைவுகளுக்கு டிஸ்னியின் ஓவியர்களே வரைந்து கொடுத்தார்கள். சூப்பர் நின்டெண்டோவில் வந்தது கேப்காம் செய்தது. வாள் கிடையாது, எதிரி தலையில் குதிக்க வேண்டும், கம்பைப் பிடித்துத் தாவ வேண்டும். "அலாதீன் கேம் எப்படி?" என்ற கேள்விக்கே பதில் இல்லை. எந்த அலாதீன் என்று கேட்க வேண்டும்.

எர்த்வோர்ம் ஜிம் மாதிரி இரண்டு எந்திரத்திலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் கேமில்கூட வித்தியாசம் உண்டு. மெகா டிரைவில் இருக்கும் ஒரு லெவல் சூப்பர் நின்டெண்டோவில் இல்லை. அகலமும் வேறு: மெகா டிரைவ் பெரும்பாலும் 320 பிக்சல் அகலத்தில் காட்டும், சூப்பர் நின்டெண்டோ பெரும்பாலும் 256. ஓடிக்கொண்டே முன்னால் பார்க்க வேண்டிய கேமில் இந்த 64 பிக்சல் சின்ன விஷயம் இல்லை. எதிரி திரைக்குள் வருவதற்கும் உங்கள் மேல் மோதுவதற்கும் இடையே கிடைக்கும் நேரம் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் 50 ஹெர்ட்ஸ் பிரச்சினை. ஐரோப்பாவின் பால் (PAL) முறை டிவிகள் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 60. பல நிறுவனங்கள் ஐரோப்பியப் பதிப்புக்கென்று வேகத்தைத் திருத்தவே இல்லை. விளைவு, கேம் சுமார் 17 சதவீதம் மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். சேகாவின் முதல் சோனிக் கேமின் பால் பதிப்பில் இசையும் சேர்ந்து இழுபடும். சோனிக் 2-ல் இசையின் வேகத்தையாவது சரிசெய்திருந்தார்கள். "சோனிக் என்ன இவ்வளவு மந்தமா?" என்று தோன்றினால், கேமைக் குறை சொல்வதற்கு முன் பதிப்பைப் பாருங்கள். தனிக் காரணம் இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் பதிப்பையே ஆடுங்கள்.

மறுவெளியீடுகளையும் கண்மூடி நம்பாதீர்கள். 2022-ல் வந்த சோனிக் ஆரிஜின்ஸ் தொகுப்பில், மூன்றாம் பாகத்தின் சில லெவல்களில் பழைய இசை இல்லை, வேறு இசைதான் ஒலிக்கும். அந்தத் தொகுப்பை ஆடிவிட்டு 1994-ஆம் ஆண்டுக் கார்ட்ரிட்ஜின் (கேம் பதிந்த, எந்திரத்தில் செருகும் பெட்டி) இசையைப் பற்றி எழுத முடியாது.

இவ்வளவும் பார்த்த பிறகு விமர்சனத்தின் மேலேயே ஒரு வரி எழுதுங்கள்: கேம், எந்திரம், எந்த நாட்டுப் பதிப்பு, எந்தக் கடின நிலை, எதில் ஆடினீர்கள். ஒரே வரிதான். இதை எழுதும் விமர்சகர் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிடும்.

எதில் ஆடுவது, எந்தத் திரையில்

பழைய கன்சோலும் கார்ட்ரிட்ஜும் இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறைந்துபோக மாட்டீர்கள். சட்டப்படியான வழிகள் இன்று நிறைய. 2017-ல் வந்த சூப்பர் நின்டெண்டோ மினியில் 21 கேம்கள், 2019-ல் வந்த மெகா டிரைவ் மினியில் 42 கேம்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் சந்தாவிலும் பழைய பட்டியல் உண்டு. மூல எந்திரத்தின் மின்சுற்றையே எஃப்பிஜிஏ என்ற, விரும்பியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப்பில் மறுபடி கட்டும் கருவிகளும் இருக்கின்றன. கணினியில் ஆடுபவர்கள் துல்லியத்துக்குப் பெயர்பெற்ற எமுலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் நின்டெண்டோவுக்கு பிஎஸ்நெஸ், மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் என்று தொடங்கலாம். பழங்கால எமுலேட்டர்களில் ஒலி தப்பும். ஒலி தப்பியதைக் கேட்டு இசையமைப்பாளரைத் திட்டக் கூடாது.

எதில் ஆடினாலும் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்தாக வேண்டும்.

முதலாவது, தாமதம். இந்த கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) ஓடுகின்றன, ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7 மில்லிநொடி. பழைய சிஆர்டி (படக்குழாய்) டிவி தன் பங்குக்குத் தாமதம் சேர்க்காது என்றே வைத்துக்கொள்ளலாம். இன்றைய தட்டை டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், பட்டனை அழுத்தி மூன்று ஃப்ரேம் கழித்துத்தான் விளைவைப் பார்ப்பீர்கள். குதிக்க வேண்டிய விளிம்பில் மூன்று ஃப்ரேம் என்பது சாவு. டிவியில் கேம் மோடைப் போடுங்கள். வயர்லெஸ் கண்ட்ரோலர் சந்தேகமாக இருந்தால் வயர் உள்ளதை மாட்டுங்கள். அளந்தே பார்க்க வேண்டுமா? போனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் வைத்து, உங்கள் கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி எடுங்கள். பட்டன் அமுங்கியதற்கும் ஆள் எழும்பியதற்கும் இடையே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணி நாலால் பெருக்கினால், ஏறத்தாழ மில்லிநொடிக் கணக்கு வந்துவிடும். கேமே ஓரிரு ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் இருப்பது உங்கள் கருவியின் கைங்கரியம்.

"கட்டுப்பாடு வழுக்குகிறது", "பட்டன் சொன்னபடி கேட்கவில்லை" என்று எழுதப்படும் புகார்களில் கணிசமானவை டிவியின் மேல் போட வேண்டியவை என்பது என் சந்தேகம்.

இரண்டாவது, படத்தின் வடிவம். சூப்பர் நின்டெண்டோ தரும் 256-க்கு 224 பிக்சல் படத்தை அன்றைய டிவி 4:3 அளவுக்கு இழுத்துக் காட்டியது. அதே படத்தைச் சதுரப் பிக்சலாகக் காட்டினால் எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள். 16:9 முழுத்திரைக்கு இழுத்தால் எல்லோரும் குண்டு. அந்தத் தப்பை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எது சரி என்று குழப்பமாக இருந்தால், வட்டமாக இருக்க வேண்டிய ஒன்றைத் தேடுங்கள்: நிலா, சக்கரம், பந்து. எந்த அமைப்பில் அது வட்டமாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர்கள் எல்லோரும் இதைக் கணக்கில் எடுத்து வரையவில்லை என்பதால் கேமுக்குக் கேம் பதில் மாறும்.

பிக்சல்களை நெய் தடவிய மாதிரி வழவழவென்று ஆக்கும் ஃபில்டர்களை அணைத்துவிடுங்கள். அதே சமயம், கூரான பிக்சல்தான் அசல் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் சோனிக்கின் கிரீன் ஹில் லெவலில் ஒரு அருவிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். நவீன திரையில் அந்த அருவி, இடைவெளி விட்டு நிற்கும் நெட்டுக்கோடுகளாகத் தெரியும். கம்பி வலை மாதிரி, கோடுகளுக்கு நடுவே சோனிக் துண்டு துண்டாகத் தெரிவான். படம் முழுவதையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் பழைய காம்போசிட் வயரில் மாட்டிய சிஆர்டி டிவியில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, ஒளி ஊடுருவும் தண்ணீராகிவிடும். மெகா டிரைவால் அப்படி ஒரு ஊடுருவலை எளிதில் காட்ட முடியாது. மங்கலான வயரையே தூரிகையாக்கிக்கொண்டார்கள். சிஆர்டி டிவி இல்லாதவர்கள் இந்த மாதிரி இடங்களில் சிஆர்டி திரையைப் போலக் காட்டும் நல்ல ஷேடர் (பட ஃபில்டர்) ஒன்றைப் போட்டு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கையேட்டைப் படியுங்கள்

அன்று கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு. கதையும் பட்டன் விளக்கமும் அச்சிட்ட கையேட்டில்தான் இருந்தன. கேம் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. ஆரம்பத்தில் வரும் தேர்வுகளையும் அலட்சியமாகத் தாண்டாதீர்கள். 1993-ல் ட்ரெஷர் செய்த கன்ஸ்டார் ஹீரோஸ், நின்று சுடுவதா ஓடிக்கொண்டே சுடுவதா என்று தொடக்கத்திலேயே கேட்கும். நின்று சுடும் முறையைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, சுடும்போது நகர முடியவில்லை என்று எழுதினால் யாருடைய தப்பு?

ஆடும்போது

முதல் சுற்றில், ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் வேண்டாம். நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் சேவ் ஸ்டேட்டும் வேண்டாம், அல்லது கேமே பாஸ்வேர்டு தரும் இடங்களில் மட்டும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த கேம்களின் நீளமே தோற்பதையும் திரும்ப ஆடுவதையும் வைத்துக் கட்டியது. முதல் சோனிக்கில் சேவ் என்பதே கிடையாது. மூன்றாவது லெவலில் செத்துச் செத்து மறுபடி முதல் லெவலுக்கு வரும்போதுதான் கிரீன் ஹில்லின் மேல்வழியைக் கண்டுபிடிப்பீர்கள். சூப்பர் ஆர்-டைப்பில் செத்தால் அந்த லெவலின் தொடக்கத்துக்கே போக வேண்டும், நடுவில் நிறுத்தம் இல்லை. அந்தக் கோபம் விமர்சனத்தில் இருக்க வேண்டும். ரீவைண்ட் போட்டு ஆடியவருக்கு அந்தக் கோபம் வராது.

ஒரு சுற்று நேர்மையாகப் போராடிய பிறகு, முடிக்க முடியவில்லை என்றால் சேவ் ஸ்டேட் போட்டு மீதியைப் பாருங்கள். அதை எழுதிவிடுங்கள், அவமானம் ஒன்றும் இல்லை. நாற்பது மணி நேர ஆர்பிஜியில் பாதி ஆடிவிட்டு எழுதுவதும் தப்பில்லை, பாதி என்று சொன்னால் சரி. கேமின் முடிவு எது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸை (1991) ஒரு முறை முடித்தால் முடிந்ததாகக் கணக்கில்லை. இரண்டாவது சுற்றையும் முடித்தால்தான் உண்மையான கடைசி.

குறிப்பெடுக்க ஒரு வழி சொல்கிறேன். சாகும்போதெல்லாம் நிறுத்தி, எதனால் செத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். கொஞ்ச நேரத்தில் அவை தானாகவே மூன்று வகையாகப் பிரியும். ஒன்று, என் கை தப்பு: பார்த்தேன், தெரிந்தது, நேரத்துக்கு அழுத்தவில்லை. இரண்டு, கேம் மறைத்தது: திரைக்கு வெளியிலிருந்து வந்த தோட்டா, கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத குதி. மூன்று, எந்திரம் திணறியது: கேம் திடீரென்று மெதுவாகும் ஸ்லோடவுனில் பட்டன் தாளம் தப்பியது. முதல் வகை அதிகமாக இருக்கும் கேம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் நியாயமான கேம். இரண்டாவது வகை மலிந்திருந்தால், மனப்பாடம் செய்யச் சொல்லும் கேம். இந்தக் கணக்கு கையில் இருந்தால் "ரொம்பக் கஷ்டம்" என்ற வெற்று வாக்கியத்துக்குப் பதிலாகச் சொல்ல உங்களிடம் ஏதோ இருக்கும்.

ஸ்லோடவுனை மட்டும் யோசித்துத் திட்டுங்கள். கிரேடியஸ் 3-ன் சூப்பர் நின்டெண்டோ பதிப்பு, திரையில் தோட்டா நிறைந்தவுடன் திணறும். குறைதான். ஆனால் அந்தத் திணறலில் தோட்டாக்களுக்கு நடுவே நெளிந்து தப்பிக்கக் கூடுதல் நேரமும் கிடைக்கிறது. திணறலை நீக்கும் பேட்ச் போட்டு ஆடினால் கேம் அழகாக ஓடும், கடினமும் ஏறும். இரண்டையும் ஆடிப் பார்த்தவர் எழுதுவது சுவாரசியமாக இருக்கும்.

அந்த ஆண்டோடு ஒப்பிடுவது

இன்றைய கேமோடு ஒப்பிட்டு எழுதுவது சுலபம், பயன் குறைவு. அதே ஆண்டு, அதே எந்திரம், அதே வகை: இந்த மூன்றும் பொருந்தும் இரண்டு கேம்களையாவது ஆடிப் பார்த்துவிடுங்கள். ஸ்டார் ஃபாக்ஸின் (1993) வெறும் முக்கோணங்களாலான விண்கலங்கள் இன்று பொம்மை மாதிரி இருக்கும். சாதாரண சூப்பர் நின்டெண்டோவால் அவ்வளவுகூட முடியாது என்பதும், அதற்காகவே கார்ட்ரிட்ஜுக்குள் சூப்பர் எஃப்எக்ஸ் என்ற தனிச் சிப்பை வைத்தார்கள் என்பதும் தெரிந்தால், எதைப் பாராட்டுகிறோம் என்பதில் தெளிவு வரும். எஃப்-ஜீரோ என்ற பந்தய கேம் அப்படி இல்லை. தரையை ஒரே படமாகச் சுழற்றிச் சாய்க்கும் மோட் 7 வசதி எந்திரத்திலேயே இருந்தது.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அன்று சாதனையாக இருந்தது இன்று ஆடச் சுகமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் சொல்லுங்கள். "அந்தக் காலத்துக்கு நல்ல கேம்" என்று ஒன்றாகக் குழைத்துச் சொன்னால், வாசகருக்கு அதை ஆடலாமா வேண்டாமா என்றே தெரியாது.

எழுத உட்காரும்போது

கிராஃபிக்ஸ், ஒலி, கட்டுப்பாடு, கதை என்று நாலு பெட்டி போட்டு நிரப்பும் பழக்கம் பழைய பத்திரிகைகளிலிருந்து வந்தது. அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். பெட்டியை நிரப்ப வேண்டுமே என்பதற்காக, சொல்ல ஒன்றும் இல்லாத விஷயத்துக்கும் ரெண்டு வரி எழுதத் தோன்றும். கேமில் உங்களை அதிகம் பாதித்த ஒரு லெவல், ஒரு பாஸ் (லெவல் கடைசியில் வரும் பெரிய எதிரி), ஒரு பட்டனிலிருந்து தொடங்குங்கள்.

முதல் சோனிக்கைப் பற்றி இப்படி ஒரு வரி வந்தால்: "சோனிக் அதிவேகமான கேம். கிராஃபிக்ஸ் அருமை, பாட்டு அதைவிட அருமை." ஆடாமலே இதை எழுதிவிடலாம். ஆடியவர் எழுதினால் இப்படி இருக்கும்:

"கிரீன் ஹில்லில் சரிவுகள் நம்மைத் தள்ளிக்கொண்டு போகின்றன, பட்டனைவிட மலைதான் அதிகம் வேலை செய்கிறது. மூன்று பட்டனும் குதிக்கத்தான், வேறு ஒன்றும் கற்க வேண்டியதில்லை. அடுத்து மார்பிள் லெவல். வேகம் செத்துவிடுகிறது. கல்லைத் தள்ளி எரிமலைக் குழம்பில் இறக்கி, அதன் மேல் ஏறி நின்று, அது மெதுவாக மிதந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். முள் பதித்த இரும்புப் பாளம் மேலே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதுவரை சோனிக் காலைத் தட்டிக்கொண்டு நிற்கிறான், நாமும்தான். ஓடவே பிறந்த ஒருவனை வரிசையில் நிற்க வைக்கும் லெவல் இது. லேபிரிந்த் லெவலின் தண்ணீருக்குள் போனால் மார்பிளே தேவலை என்று தோன்றும்."

இதில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. படிப்பவர் உடன்படாவிட்டாலும், எதோடு உடன்படவில்லை என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். சோனிக் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது முதல் லெவல்தான் என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் நினைவை நம்பி எழுதக் கூடாது, கடைசிவரை ஆட வேண்டும்.

கட்டுப்பாட்டைப் பற்றி எழுதும்போது விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சூப்பர் மரியோ வேர்ல்டில் கட்டைவிரலின் நுனி ஒய் பட்டனை அழுத்தியபடி ஓட, அதே விரலின் அடிப்பகுதியைச் சாய்த்து பி பட்டனில் குதிக்கலாம். விரலை எடுத்து வைக்கும் வேலையே இல்லை. "கட்டுப்பாடு சிறப்பு" என்று எழுதியதும், ஏன் சிறப்பு என்று உங்களையே கேட்டால் இந்த மாதிரி ஒன்று கிடைக்கும். இதனால்தான் கீபோர்டில் ஆடிவிட்டு இந்த கேம்களின் கட்டுப்பாட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறேன்.

இசையைப் பற்றி எழுத இசை ஞானம் வேண்டாம். எங்கே கேட்டீர்கள், எத்தனை முறை திரும்பக் கேட்டும் சலிக்கவில்லை, அல்லது எப்போது ஒலியை அணைத்தீர்கள் என்று எழுதினால் போதும். யூசோ கோஷிரோ ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2-க்குப் போட்ட நடனத் தாளங்களை மெகா டிரைவின் அந்தக் கரகரப்பான எஃப்எம் சிப்பில் கேட்டுவிட்டு, சூப்பர் நின்டெண்டோவில் ஏதாவது ஒரு கேமின் மெல்லிசையைக் கேளுங்கள். எந்திரத்தின் குரலும் இசையமைப்பாளரின் குரலும் தனித்தனியாகப் பிடிபடும்.

மதிப்பெண் போடுவதா?

எனக்குப் பிடிக்காது. போடத்தான் வேண்டும் என்றால் பத்துக்கு எட்டரை, எட்டேமுக்கால் என்று மயிர் பிளக்க வேண்டாம். "இன்றே ஆடுங்கள்", "இந்த வகை பிடித்தவர்கள் மட்டும்", "வரலாற்றுக்காக ஒரு மணி நேரம்", "விட்டுவிடுங்கள்" என்று நாலு படி வைத்துக்கொண்டால் வாசகருக்கும் புரியும், உங்களுக்கும் வம்பில்லை.

வெளியிடும் முன்

ஸ்கிரீன்ஷாட்களை நீங்களே ஆடி எடுங்கள். இணையத்தில் கிடைப்பது வேறு நாட்டுப் பதிப்பாக இருக்கலாம். மார்டல் காம்பேட்டின் சூப்பர் நின்டெண்டோ பதிப்பைப் பற்றி எழுதிவிட்டு ரத்தம் தெறிக்கும் படத்தைப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள், அதில் ரத்தத்துக்குப் பதில் வியர்வைதான். படத்தின் அகல உயரம் நீங்கள் ஆடிய அமைப்போடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

ஆண்டைக் குறிப்பிடும்போது எந்த நாட்டு வெளியீடு என்று சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பர் மரியோ வேர்ல்ட் 1990 என்பதும் சரி, 1991 என்பதும் சரி. முதலாவது ஜப்பான், இரண்டாவது வட அமெரிக்கா. கார்ட்ரிட்ஜ் அளவை எழுதினால் மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைய விளம்பரங்கள் பெரிய எண்ணாகத் தெரியட்டும் என்று மெகாபிட்டில்தான் பீற்றிக்கொண்டன. 16 மெகாபிட் என்று வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உண்மையில் 2 மெகாபைட், எட்டால் வகுத்தால் போதும்.

இரண்டாவது விமர்சனத்துக்கு என்ன எடுப்பது என்று கேட்டால், முதலில் எழுதிய அதே கேமின் இன்னொரு எந்திரப் பதிப்பை எடுங்கள். லெவல்கள் மனப்பாடமாக இருக்கும் நேரத்தில் வித்தியாசங்கள் பளிச்சென்று படும், குறிப்பேடும் சீக்கிரம் நிரம்பும்.